திரைக்கும் நோயாளிக்கும் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மருத்துவமனைகளில் காகிதக் கேஸ் ஷீட்டின் இடத்தைப் பிடித்துவிட்ட மின்னணு மருத்துவப் பதிவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி மருத்துவர்களும், செவிலியர்களும், நோயாளிகளின் குடும்பத்தாரும் எழுதிய கடிதங்கள் ஒரே வலியை வெவ்வேறு பக்கங்களிலிருந்து சொல்கின்றன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: பதினான்கு ஆண்டுகளாகப் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். கணினிப் பதிவுக்கு மாறியபின் நான் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அசதியோ கூடியிருக்கிறது. மாலையில் வீடு திரும்பினால் பிள்ளைகள் பேசுவது காதில் ஏறுவதில்லை. டைப்பிங் பழகிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சக மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதா, ஈடுபாடு குறைந்துவிட்டதா?
— ஒரு பொது மருத்துவர்

பதில்: இரண்டும் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஏனெனில் உங்களைப் போன்ற பலர் இந்தக் களைப்பைத் தங்கள் சொந்தக் குறையாக எண்ணி, யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

களைப்பது விரல்கள் அல்ல. மனத்தில் செயல் நினைவு என்று ஒன்று உண்டு. இந்தக் கணத்தில் கையாள வேண்டியவற்றை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. அதை வீட்டு வாசலில் உள்ள சிறிய திண்ணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வசதியாக உட்காரலாம். மேலும் ஒருவர் வந்தால், உட்கார்ந்திருப்பவரில் ஒருவர் எழுந்துபோக வேண்டியதுதான். அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஏழு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் மற்றோர் உளவியலாளர் நெல்சன் கோவன், அது நான்கை ஒட்டியதுதான் என்று வாதிட்டார். பட்டமோ அனுபவமோ இந்தத் திண்ணையை நீட்டித் தருவதில்லை. அனுபவம் செய்வதெல்லாம், பல செய்திகளை ஒன்றாகக் கட்டி ஒரே ஆளாக உட்கார வைப்பதுதான்.

இப்போது உங்கள் அறையில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர், மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். இதயமா, இரத்தசோகையா, நுரையீரலா என்று மூன்று சந்தேகங்கள் உங்கள் மனத்தில் எழுகின்றன. முந்தைய ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காகிதக் கோப்பாக இருந்தால் லேப் பக்கத்தில் ஒரு விரலைச் செருகிக்கொண்டே மருந்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். திரையில் லேப் ரிசல்ட் ஒரு பக்கம், மருந்துப் பட்டியல் இன்னொரு பக்கம், பழைய குறிப்பு மூன்றாவது பக்கம். ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைந்துபோகிறது. ஆகவே ஹீமோகுளோபின் 9.2, கிரியாட்டினின் 1.8 என்ற இரண்டு எண்களையும் மனத்தில் ஏந்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறீர்கள். அங்கே, நேரம் கடந்துவிட்டதால் மீண்டும் பாஸ்வேர்டு கேட்கிறது. அதைக் கொடுத்து உள்ளே போனால், புகைப்பழக்கம் உண்டா இல்லையா என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது என்கிறது. நிரப்பிவிட்டு மருந்தை எழுதப் போகும்போது, அந்த 1.8 இந்த மாதத்து எண்ணா, ஆறு மாதத்துக்கு முந்தையதா என்ற ஐயம் வந்துவிடுகிறது. திரும்பவும் முதல் பக்கம். இதற்கிடையில் அந்தப் பெண்மணி, இரவில் இடது கை மரத்துப்போகிறது என்று மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். அது திண்ணையில் இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பிப்போயிருக்கிறது.

உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாடு இதைத் தெளிவாக விளக்க உதவுகிறது. அவ்வழியில் வந்த ஆய்வாளர்கள், ஒரு வேலையின் இயல்பிலேயே உள்ள சுமையையும், அந்த வேலை நம் கைக்கு வந்துசேரும் விதத்தால் ஏறும் வெளிச்சுமையையும் பிரித்துப் பார்க்கிறார்கள். நெஞ்சடைப்புக்கு மூன்று காரணங்களையும் எடைபோடுவது முதல் வகை. அதற்காகத்தான் நீங்கள் படித்தீர்கள், அதில் ஒரு நிறைவும் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தேடி அலைவது இரண்டாவது வகை. இரண்டும் உட்காருவது அதே திண்ணையில்தான் என்பதால், தேடலுக்குக் கொடுத்த இடம் நோயாளியைப் பற்றிய யோசனையிலிருந்து எடுக்கப்பட்ட இடமாகிறது. நோயாளிகள் குறைந்தும் களைப்பு கூடியதன் கணக்கு இதுதான்.

இது உங்கள் கற்பனையல்ல என்பதற்கு அளவிட்ட சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் 57 மருத்துவர்களை அருகிலிருந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், அவர்களின் பணிநேரத்தில் நோயாளியோடு நேரடியாகக் கழிந்தது 27 விழுக்காடு. கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கழிந்தது 49 விழுக்காடு. மறு ஆண்டு, 142 குடும்ப மருத்துவர்களின் கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, 11.4 மணிநேர வேலைநாளில் 5.9 மணிநேரம் திரையின் முன் போயிருந்தது, அதில் 1.4 மணிநேரம் ஓ.பி. முடிந்தபின் செய்த வேலை. வீட்டில் இரவு உடையோடு உட்கார்ந்து குறிப்பு முடிக்கும் அந்த நேரத்துக்கு அங்குள்ள மருத்துவர்கள் ‘பைஜாமா நேரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் 25 பேர் பதிவைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய கண்மணியின் விரிவை அளந்தார்கள். 20 பேரிடம் முதல் 22 நிமிடங்களுக்குள்ளேயே களைப்பின் அடையாளம் தெரிந்தது. களைத்தபின் அடுத்த நோயாளியின் பதிவைப் பார்க்க அவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் கிளிக்குகளும் தேவைப்பட்டன. களைப்பு வேலையை நீட்டுகிறது. நீண்ட வேலை களைப்பைக் கூட்டுகிறது. மாலையில் பிள்ளைகளின் பேச்சு உங்கள் காதில் ஏறாததை நான் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகத்தான் பார்க்கிறேன்.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு நோயாளியின் குறிப்பை, அவர் கதவைத் தாண்டுவதற்குள் இரண்டு வரியாவது எழுதி முடித்துவிடுங்கள். பன்னிரண்டு பேரின் முடிக்காத குறிப்புகளைச் சுமந்துகொண்டு பதின்மூன்றாமவரைப் பார்ப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. எண்களை மனத்தில் ஏந்தாதீர்கள். மேசையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும், 1.8 என்றும் தேதியையும் அதில் கிறுக்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாஸ்வேர்டு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது, எந்தக் கட்டங்கள் கட்டாயம், எந்தப் பக்கங்கள் ஒன்றாகத் தெரிகின்றன என்பவை உங்கள் கையில் இல்லை. அவற்றை நிர்வாகத்திடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் நாலைந்து பேராகக் கேளுங்கள்.

கேள்வி: நான் முதுநிலை மருத்துவ மாணவன். மருந்து எழுதும்போது வரும் எச்சரிக்கைகளைப் படிக்காமலே மூடிவிடும் பழக்கம் வந்துவிட்டது. அதை நினைத்தால் குற்ற உணர்வாக இருக்கிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: உங்கள் குற்ற உணர்வை மதிக்கிறேன், அது உங்களிடம் இன்னும் கவனம் இருப்பதைக் காட்டுகிறது. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவற்றில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் தாண்டிச் செல்லப்படுகின்றன என்று கண்டது. இத்தனை பேரும் பொறுப்பற்றவர்களாக இருக்க முடியாது. ஐம்பது முறை காரணமின்றி ஒலித்த மணி, ஐம்பத்தோராம் முறை காரணத்தோடு ஒலித்தாலும் காது அதை அதே மணியாகத்தான் கேட்கும். எச்சரிக்கைக் களைப்பு என்று இதைச் சொல்கிறார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு டூட்டியில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொண்டுவந்த ஒருவருக்கு, தொற்றுக்கான மெட்ரோனிடசோல் எழுதினேன். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பது எந்த மாணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எச்சரிக்கைப் பெட்டி வந்தது. அதற்கு முன் அந்த இரவில் வந்த பெட்டிகளெல்லாம், ஒரே பாரசிட்டமால் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது போன்றவை; அதே நிறம், அதே அளவு, அதே இடம். என் கை தானாகவே மூடியது. மருந்தகத்திலிருந்து மருந்தாளுநர் தொலைபேசியில், “டாக்டர், இந்த நோயாளி வார்ஃபரினில் இருக்கிறார், பார்த்தீர்களா?” என்று நிதானமாகக் கேட்டார். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மருந்தை மாற்றினேன். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரையில் பெட்டியாக வந்ததைக் காட்டிலும், ஒரு மனிதக் குரலில் வந்த அதே செய்தி ஏன் என்னை நிறுத்தியது என்று பல நாள் யோசித்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாவற்றையும் படிப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள். இரண்டு நாளில் அது முறிந்துவிடும். மாறாக, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள், இன்சுலின், ஓபியாய்டுகள் என்னும் கடும் வலிநிவாரணிகள், பொட்டாசியம், ஒவ்வாமை என்று ஒரு சிறு வட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டு, அந்த மருந்துகளை எழுதப்போகும்போது பெட்டி வருவதற்கு முன்பே கையை எடுத்துவிட்டு ஒரு கணம் நில்லுங்கள். ஒரு வாரத்துக்கு, பயனற்றவை என்று நீங்கள் கருதிய எச்சரிக்கைகளைக் குறித்துவைத்து, மருந்தியல் குழுவிடம் கொடுங்கள். பயனில்லாத எச்சரிக்கையை நீக்குவதும் நோயாளியின் பாதுகாப்புக்கான வேலைதான்.

கேள்வி: மருத்துவர்களின் களைப்பைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வார்டில் நோயாளியின் அருகில் நாள் முழுவதும் நிற்பது நாங்கள். எங்கள் பதிவுச் சுமையை ஏன் யாரும் பேசுவதில்லை?
— ஒரு மூத்த செவிலியர்

பதில்: நியாயமான கோபம். ஆய்வுகளில் பெரும்பகுதி மருத்துவர்களைச் சுற்றியே நடந்திருப்பது உண்மை, அது குறைதான்.

உங்கள் வேலையில் ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. மருத்துவர் பெரும்பாலும் உட்கார்ந்து பதிகிறார். நீங்கள் நடந்துகொண்டே நினைவில் வைத்திருந்து பிறகு பதிய வேண்டியிருக்கிறது. மூன்றாம் படுக்கையின் இரத்த அழுத்தம், ஏழாம் படுக்கையின் சிறுநீர் அளவு, பதினோராம் படுக்கைக்கு இன்னும் இருபது நிமிடத்தில் கொடுக்க வேண்டிய ஊசி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு கணினிக்கு வரும் வழியில், ஒருவர் தண்ணீர் கேட்கிறார், இன்னொருவரின் மகன் டிஸ்சார்ஜ் எப்போது என்று நிறுத்திக் கேட்கிறார். ஆகவேதான் நான் பார்த்த செவிலியர்கள் அநேகமாக எல்லோரும் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் வைத்திருக்கிறார்கள். சிலர் உள்ளங்கையிலேயே எழுதிக்கொள்கிறார்கள். கோடிகள் செலவழித்து அமைத்த பதிவு இருக்கும்போது எதற்காக இது என்று கண்டிக்கும் அதிகாரிகள், அந்தக் காகிதத்தை ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு படுக்கைக்கு ஒரு வரி, நேரப்படி வரிசை, முடிந்ததன்மேல் ஒரு கோடு. பதிவு எப்படித் தெரிந்தால் செவிலியருக்கு உதவும் என்பதற்கான வரைபடம் அதில் இருக்கிறது.

மாற்ற முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில், பதிவில் தேவையற்றதென்று நினைப்பதை ஊழியர்களே சுட்டிக்காட்டும்படி அழைத்தார்கள். அதன் அனுபவம் 2018-இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. ஒவ்வொரு மணிநேரமும் நோயாளியைப் பார்த்தேன் என்று செவிலியர் அழுத்த வேண்டிய ஒரு கட்டம் பலரால் சுட்டப்பட்டது. நோயாளியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அதைப் பதிவதை மட்டும் நிறுத்தினார்கள். நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 செவிலியர்-மணிநேரம் மிச்சமானது. உங்கள் வார்டில் அப்படிப்பட்ட கட்டம் எது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

கேள்வி: என் தாயாரை மருத்துவரிடம் அழைத்துப்போனபோது, அவர் முகத்தைப் பாராமல் கணினியையே பார்த்துப் பேசினார். என் தாயார், “நான் சொன்னது அவருக்குக் கேட்டதா?” என்று வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இது அலட்சியம் இல்லையா?
— ஒரு நோயாளியின் மகள்

பதில்: உங்கள் தாயாரின் கேள்வி என்னைத் தைத்தது. 2012-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கிரேயானில் வரைந்த படமொன்றை வெளியிட்டது. பரிசோதனை மேசைமேல் அவள், அருகே அக்காவும், குழந்தையை ஏந்திய அம்மாவும். மருத்துவரோ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் எழுதிக்கொண்டிருக்கிறார். யார்மீதும் குறை சொல்ல வரைந்ததல்ல அது. அவள் கண்டது அதுதான், அதனால் வரைந்தாள்.

பெரும்பாலும் இது அலட்சியம் அல்ல. ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வேறொன்றைத் தேடி எழுதுவது மனத்தால் ஒரே சமயத்தில் செய்யக்கூடிய வேலையல்ல. அது இரண்டுக்கும் இடையே தாவித் தாவிப் போகிறது, ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்துகிறது. ஆனால் காரணம் இருப்பதால் வலி இல்லாமல் போய்விடாது. மருத்துவர்கள் திரையை நோயாளியும் பார்க்கும்படி திருப்பி வைத்து, முதல் இரண்டு நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் கேட்டுவிட்டு, “நீங்கள் சொன்னதை இப்போது எழுதிக்கொள்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, தாயாரின் முக்கியமான இரண்டு தொல்லைகளையும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது. “டாக்டர், ஒரு நிமிடம் அம்மா சொல்வதைக் கேளுங்கள்” என்று மரியாதையோடு சொல்லத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வார்.

கேள்வி: பேசாமல் காகிதத்துக்கே திரும்பிவிட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணர்

பதில்: வேண்டாம், ஐயா. மயக்கத்தில் வரும் நோயாளியின் பென்சிலின் ஒவ்வாமை, பூட்டிய அறையிலுள்ள கோப்பில் இருந்து எவருக்கும் பயனில்லை. படிக்க முடியாத கையெழுத்தால் நேர்ந்த தவறுகளை நாம் இருவரும் பார்த்திருப்போம். 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவப் பதிவை நோயாளியின் பிரச்சினைகளின் வரிசையில் அடுக்க வேண்டும் என்று எழுதியபோது, மருத்துவரின் நினைவுக்குத் துணையாகவும் சிந்தனைக்கு ஒழுங்காகவும் பதிவு இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்த எண்ணம் இன்றும் சரியானது. பின்னாளில் காப்பீடு, கட்டணம், சட்டம், தர அறிக்கை என்று ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போனதுதான் கோளாறு. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிதியூக்கம் கொடுத்து மின்னணுப் பதிவை வேகமாகப் பரப்பியது. அங்கு எழுதப்படும் குறிப்புகள் மற்ற நாடுகளில் எழுதப்படுவதைவிடச் சராசரியாக நான்கு மடங்கு வரை நீளமானவை என்று 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று காட்டியது. மென்பொருள் ஒன்றே என்றாலும் சுமை ஒன்றல்ல. அதை ஏற்றுவது விதிகள். விதிகளை மாற்ற முடியும்.

கேள்வி: மருத்துவமனை மென்பொருள் எழுதும் பொறியாளன் நான். மனச்சுமையைக் குறைக்க எதை அளப்பது?
— ஒரு மென்பொருள் பொறியாளர்

பதில்: இப்படிக் கேட்டதற்கே நன்றி. கிளிக்குகளை எண்ணுவதோடு நிற்காதீர்கள். அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் பத்து மணிநேர ஷிப்டில் 4,000 கிளிக் வரை செய்கிறார் என்று 2013-இல் கணக்கிட்டார்கள். எண்ணிக்கை அதிர வைக்கிறது, ஆனால் எந்தக் கிளிக்கில் மனம் தடுமாறியது என்பதை அது சொல்வதில்லை. விமானிகளுக்காகவும் பயன்படுத்தப்படும் நாசா-டிஎல்எக்ஸ் என்ற வினாத்தாள் 1988 முதல் இருக்கிறது. மனத்தேவை, உடல்தேவை, நேரநெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல் என்று ஆறு கோணங்களில் சுமையைக் கேட்கிறது. பயன்படுத்த எளிதா என்பதை 100-க்கு மதிப்பிடும் எஸ்யூஎஸ் என்ற அளவுகோலும் உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் மின்னணுப் பதிவுக்கு அதில் கொடுத்த சராசரி 45.9 என்று 2019-இல் இணையத்தில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே ஆய்வு, மதிப்பெண் ஒவ்வொன்று உயரும்போதும் பணிச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 3 விழுக்காடு குறைந்திருந்ததையும் கண்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு நாள் முழுவதும் ஓ.பி. அறையின் மூலையில் உட்கார்ந்திருங்கள். பயனர் எப்போது பெருமூச்சு விடுகிறார், எப்போது துண்டுக் காகிதத்தை எடுக்கிறார், எப்போது ஒரே பக்கத்துக்கு மூன்றாம் முறை திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மருந்து எழுதும் பக்கத்திலேயே அண்மைய கிரியாட்டினினும் அதன் தேதியும் தெரிந்தால், நான் முதலில் சொன்ன மருத்துவரின் திண்ணையில் இரண்டு இடம் காலியாகும்.

கேள்வி: நோயாளியும் மருத்துவரும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இனி இந்தச் சுமை தீர்ந்துவிடுமா?
— மருத்துவக் கல்லூரி மாணவி

பதில்: ஒரு பகுதி தீரும், மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன், மருத்துவரின் கண் மீண்டும் நோயாளியின் முகத்துக்குத் திரும்புகிறது என்பதே பெரிய லாபம். ஆனால் எழுதும் சுமை குறையும் இடத்தில் சரிபார்க்கும் சுமை வருகிறது. நோயாளி “இல்லை” என்று சொன்னதைக் கருவி விட்டுவிட்டிருக்கலாம், சொல்லாததைச் சேர்த்திருக்கலாம். சரளமாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் ஒரு தவறைக் கண்டுபிடிப்பதற்கு, தானே எழுதுவதைவிட விழிப்பு அதிகம் வேண்டும். காப்பி-பேஸ்ட்டில் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 23,630 குறிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டபோது, எழுத்தில் 18 விழுக்காடு மட்டுமே புதிதாகத் தட்டெழுதப்பட்டது, 46 விழுக்காடு பழையதிலிருந்து நகலெடுக்கப்பட்டது, மீதி வேறிடங்களிலிருந்து இழுத்துவரப்பட்டது. அப்படி நீளும் குறிப்பில் இன்று புதிதாக நடந்தது எது என்று தேடுவதே அடுத்த மருத்துவருக்கு ஒரு வேலையாகிவிடுகிறது.

நீங்கள் மாணவி என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். நோயாளி சொன்னதையும் பரிசோதனை முடிவுகளையும் கருவி எழுதட்டும். இது என்ன நோயாக இருக்கலாம், ஏன் அப்படி நினைக்கிறேன், எதை இன்னும் விலக்கவில்லை என்ற மூன்று வரிகளை மட்டும் கருவியின் வரைவைப் பார்ப்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். எழுதத் தொடங்கியபிறகுதான் என் சந்தேகம் எனக்கே தெளிவாகத் தெரிந்த நாட்கள் பல.